முப்பந்தல் மழையில் நின்ற வைப்பர்

2024 அக்டோபர் 19, சனி, இரவு

திருநெல்வேலியில் அக்காள் வீட்டிலிருந்து நாகர்கோவில் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வள்ளியூரில் தூறல். காவல்கிணறு தாண்டுவதற்குள் அடைமழை. முப்பந்தலில் சாலையோரக் காற்றாலைகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பொழுதும் இருட்டிவிட்டிருந்தது. அங்கே வைத்து வைப்பர் கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது.

முன்னால் சென்ற லாரியின் சிவப்பு விளக்குகள் கண்ணாடி முழுவதும் கரைந்து பரவின. அது எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. பக்கத்தில் அம்மா. ஒன்றும் பேசாமல் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே வண்டியை ஒதுக்கினேன். முகப்பு விளக்கை அணைத்துவிட்டு நான்கு சிமிட்டு விளக்குகளையும் போட்டேன். சற்று நேரத்தில் வைப்பர் தானாகவே ஓடத் தொடங்கியது.

கிளம்பினோம். தோவாளையில் மறுபடியும் நின்றது. மீதி வழியை ஊர்ந்துதான் கடந்தோம். 1999இல் அப்பா வாங்கிய கார் இது. இந்த 25 ஆண்டுகளில் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் வீட்டு முற்றத்தில் சோதனை. ரப்பர் குழாயால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியபடி 40 நிமிடம் வைப்பரை ஓட விட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். வைப்பருக்கான 15 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாகவே இருந்தது, கால்களில் மட்டும் சிறிது பச்சைக் களிம்பு. துடைத்துவிட்டுப் புதியதையே போட்டேன். ஸ்டியரிங் அருகில் உள்ள ஸ்விட்சை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன், அதிலும் குறை தெரியவில்லை. ஆனால் ஃபியூஸ் மாற்றியதால் சரியாகிவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. எரிந்துபோன ஃபியூஸ் தானாக உயிர் பெற்று மறுபடி வைப்பரை ஓட்டாது.

அக்டோபர் 24, வியாழன்

ஒரு பட்டறையில் விட்டேன். அரை மணி நேரத்தில் "மோட்டார் போய்விட்டது" என்றார்கள். பழைய மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். 2,800 ரூபாய். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "இந்த வயது வண்டியில் மோட்டார்தான் போகும்" என்பதுதான் பதில். மீட்டரை யாரும் கையில் எடுக்கவே இல்லை. கழற்றிய மோட்டாரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 26, சனி

மாலை மழையில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது நின்றது. அதே நிறுத்தம், அதே நடுக் கண்ணாடி. ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியதும் திடுக்கென்று ஓடியது.

புதுக் குறை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஸ்விட்சை அணைத்தால் வைப்பர் கீழே போய்ப் படுக்காமல் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கிறது. கழற்றிய மோட்டாரில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. பணம் போனதைவிட, பார்க்காமலே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வண்டியைத் தொடவில்லை.

நவம்பர் 2, சனி

கழற்றிய மோட்டாரைத் திண்ணையில் வைத்து பேட்டரியோடு நேராக இணைத்தேன். இரண்டு வேகங்களிலும் கம்பீரமாக ஓடியது. இருபது நிமிடம் ஓடியும் தடுமாறவில்லை. ஆக, 2,800 ரூபாய் கொடுத்து நல்ல மோட்டாரைக் கழற்றி, குறையுள்ள மோட்டாரை மாட்டியிருக்கிறேன்.

இதற்குள், சுழலும் பகுதியில் உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் மூன்று இருக்கின்றன. ஒன்று பொதுவானது, இந்த வண்டியில் அது மோட்டாரின் உடலோடு சேர்ந்து எர்த் ஆகிறது, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். மற்ற இரண்டில் ஒன்று மெதுவான ஓட்டத்துக்கு, இன்னொன்று விரைவுக்கு. பல்சக்கர மூடிக்குள் ஒரு செம்புத் தகடும் அதன்மேல் உரசும் நாக்குகளும் இருக்கின்றன. நாம் ஸ்விட்சை அணைத்த பிறகும், வைப்பர் கீழே வந்து படுக்கும்வரை மோட்டாருக்கு மின்சாரம் தருவது இந்தத் தகடுதான். படுக்கும் இடம் வந்ததும் அந்த மின்சாரத்தைத் துண்டித்து, பிரஷ்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அப்போது ஜெனரேட்டர்போல் வேலை செய்து தன்னையே பிடித்து நிறுத்திக்கொள்ளும். பட்டறையில் மாட்டிய மோட்டாரில் அந்தத் தகடு கருகியிருக்க வேண்டும்.

சரி, இது புதுக் குறைக்கு விளக்கம். முதல் குறை?

கோட்டாற்றில் முப்பது ஆண்டுகள் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "ஓடும்போது அளந்து என்ன பயன் தம்பி? நிற்கும்போது அளக்க வேண்டும். அதை நிற்க வையுங்கள் முதலில்."

எப்படி நிற்க வைப்பது என்று இரவுச் சாப்பாட்டின்போது யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்னார்: "அன்றைக்கு நீ முன்விளக்கை அணைத்த பிறகுதானே ஓடியது?"

சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டேன். முப்பந்தலில் விளக்கு எரிந்தது. தோவாளையில் எரிந்தது. பார்வதிபுரத்திலும் எரிந்தது. முற்றத்தில் நான் சோதித்தது பட்டப்பகலில், விளக்கே போடாமல்.

நவம்பர் 3, ஞாயிறு, இரவு

இருட்டிய பிறகு அதே முற்றம். இந்த முறை எஞ்சின் ஓட்டத்தில், முகப்பு விளக்கு எரிய, கண்ணாடியில் தண்ணீர் விழ, வைப்பரும் ஓடியது. கண்ணாடிக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் மூடியை முன்பே கழற்றி வைத்திருந்தேன். அண்ணாச்சியே மல்டிமீட்டரோடு வந்திருந்தார். மோட்டாரிலிருந்து வைப்பர் கைகளை ஆட்டும் இரும்புக் கம்பிகளும் தண்டுகளும் வலுவாக அசைபவை, விரலை நசுக்கிவிடும். நின்றுபோனாலும் சாவியை அணைக்காமல் அதற்குள் கைவிடக் கூடாது என்று முதலிலேயே எச்சரித்தார்.

பன்னிரண்டாவது நிமிடம் வைப்பர் தளர்ந்து நின்றது. நான் மகிழ்ந்து கூவியதைக் கேட்டு அம்மா வெளியே வந்துவிட்டார்.

அளந்தவை: பேட்டரி முனைகளுக்கு இடையே 13.8 வோல்ட். மோட்டாருக்கு வரும் ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் (மைனஸ்) இடையே 13.1. ஆகவே ஃபியூஸ், ஸ்விட்ச், ஒயர் எல்லாம் ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் அதே ஒயருக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே 7.9தான். மீதி 5.2 வோல்ட் எங்கே? மோட்டார் உடலுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைத்தார் அண்ணாச்சி. 5.2. இந்த இடத்தில் கால் வோல்ட் இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்றார்.

மின்சாரம் போய்ச் சேரும் வழியை எல்லோரும் பார்ப்பார்கள், திரும்பி வரும் வழியைப் பார்ப்பதில்லை. மோட்டார் அதிராமல் இருக்க ரப்பர் வளையங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் மோட்டார் உடலிலிருந்து ஒரு எர்த் ஒயர் போய், வண்டியின் தகட்டில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அதே போல்ட்டில்தான் முகப்பு விளக்குகளின் எர்த்தும் வந்து சேர்கிறது. வைப்பரின் மின்னோட்டம் மட்டும் என்றால் துருப்பிடித்த அந்த இணைப்பு எப்படியோ சமாளிக்கிறது. விளக்குகளின் மின்னோட்டமும் சேரும்போது இணைப்பு சூடாகிறது, சூடாக ஆகத் தடை கூடுகிறது, மோட்டாருக்குக் கிடைப்பது குறைகிறது. கடைசியில் நிற்கிறது. இப்போது யோசித்தால், அந்த மழையில் விளக்கும் மங்கித்தான் இருந்தது. மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டிருந்தேன்.

அண்ணாச்சி ஒரு தடித்த ஒயரின் ஒரு நுனியை பேட்டரியின் எதிர்முனையிலும் மறு நுனியை மோட்டாரின் உடலிலும் தொட வைத்தார். வைப்பர் துள்ளி ஓடியது. எடுத்தார், நின்றது. வைத்தார், ஓடியது. வண்டியை அணைத்துவிட்டு போல்ட்டைத் தொட்டேன். சுட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

நாள் முழுவதும் வேலை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினேன். வைப்பர் கைகளை எடுக்கும் முன், அவை படுத்திருந்த இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன்.

போல்ட்டைக் கழற்றியபோது அடியில் செந்நிறப் பொடி. மேலிருந்த பிளாஸ்டிக் மூடியின் ஒரு ஓரம் வெடித்திருக்கிறது, ஒவ்வொரு மழையும் அதன் வழியாக இதன் மேலேயே சொட்டியிருக்கிறது. தகட்டை உப்புத்தாளால் வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்த்தேன். ஒயர் நுனிகளில் இருந்த வளையங்கள் அரித்துப்போயிருந்ததால் புதியவை போட்டேன். பல் வாஷர் வைத்துப் புதிய போல்ட்டை இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் பூசினேன். முதலில் உலோகமும் உலோகமும் நேராகச் சேர வேண்டும். முகப்பு விளக்குகளின் எர்த்தைப் பிரித்து வேறு போல்ட்டுக்குக் கொண்டுபோனேன். மூடியின் வெடிப்பையும் அடைத்தாயிற்று.

அப்பாவின் மோட்டாரை மறுபடி மாட்டும் முன், அதிலிருந்து விடுபட்டிருந்த கம்பிகளைக் கையால் அசைத்துப் பார்த்தேன். ஓட்டுநர் பக்கத் தண்டு முரண்டியது. வெளியே இழுத்தால் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, துருவை நீக்கி, புதுக் கிரீஸ் தடவினேன். இப்போது ஒரு விரலால் தள்ளினாலே திரும்புகிறது. தண்டு இறுகியிருந்ததால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்தது, அதுவும் அந்த போல்ட் வழியாகவேதான் போயிற்று.

மாலையில் எல்லாவற்றையும் போட்டு அளந்தேன். மோட்டார் உடலுக்கும் பேட்டரி எதிர்முனைக்கும் இடையே 0.08 வோல்ட். ஸ்விட்சை அணைத்தால் வைப்பர் டேப் கோட்டின்மேல் வந்து படுக்கிறது.

இன்றைய தேதிக்கும் இந்த வேலைக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் தம் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றது 1903ஆம் ஆண்டு இதே நவம்பர் 10 அன்று. குளிர்காலத்தில் நியூயார்க் போயிருந்தபோது, டிராம் ஓட்டுநர் முன்கண்ணாடியைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியிருந்ததைப் பார்த்து எண்ணியது அது. உள்ளே இருந்து கையால் நெம்புகோலை அசைத்தால் வெளியே ரப்பர் வைத்த கை கண்ணாடியைத் துடைக்கும். அதற்கு வணிக மதிப்பில்லை என்று அன்று ஒதுக்கினார்கள், காப்புரிமைக் காலம் முடியும்வரை அவருக்குப் பணமே கிடைக்கவில்லை. தலையை வெளியே நீட்டி வெள்ளைக் கோட்டைத் தேடிய எனக்கு அந்த டிராம் ஓட்டுநரை நன்றாகவே புரிகிறது. அந்த அம்மையாருக்குக் கிடைக்காமல் போனதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

நவம்பர் 16, சனி, இரவு

வேண்டுமென்றே மழையில் கிளம்பினேன். அம்மாவும் வந்தார். போகும்போது தூறல்தான், திரும்பும்போது முப்பந்தலில் நல்ல மழை. முகப்பு விளக்கு, உள்ளே காற்றாடி, பின்கண்ணாடிச் சூடேற்றி, எல்லாவற்றையும் போட்டேன். வைப்பர் விரைவு வேகத்தில் ஒரே சீராக ஓடியது. காற்றாலைகளின் உச்சியில் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. ஆரல்வாய்மொழி வருமுன் அம்மா தூங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அணைத்து, பானெட்டைத் தூக்கி, கையை விட்டு அந்த போல்ட்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.