லைப்ரரி இல்லை என்று மொழி நின்றுவிட்டால்: லினக்ஸில் படிப்பவர்களுக்கு

கொழும்பில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக ஒரு மொழி வந்து சேரும். உயர்தரத்தில் ஐசிடி பாடத்துக்குப் பைதனோடு பழகியிருப்பார்கள். பட்டப்படிப்புக்கு வந்ததும் சி, ஜாவா, ஆர், சில இடங்களில் ஹஸ்கல் என்று வரிசையாகத் தொடங்கும். விண்டோஸோடு வளர்ந்த பலர் அப்போதுதான் லேப்டொப்பில் உபுண்டுவைப் போடுகிறார்கள். மொழியை நிறுவுவார்கள், நிறுவல் முடிந்தது என்று திரை சொல்லும். ஓட்டிப் பார்த்தால் ஒரே ஒரு வரி வந்து நிற்கும்: இந்தப் பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை.

செய்முறைப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் ஜூனியர்கள் என்னிடம் அதிகம் கொண்டுவருவது இந்த வரியைத்தான். பாடத்தை நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட இதைக் கண்டதும் கலங்கிப்போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அதே வரிதான் திரும்பவும் வரும். என்ன தவறு, எங்கே தேடுவது என்பதெல்லாம் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. அதை வாசிக்கப் பழகிவிட்டால் மீதி வேலை சுலபம்.

ஒரு மொழியின் கம்பைலரோ இன்டர்பிரெட்டரோ தனக்குத் தேவையான எல்லாக் குறிநிரலையும் தன்னோடு சுமந்து வருவதில்லை. திரையில் எழுத்துகளைக் கையாளுவது, பெரிய எண்களைப் பெருக்குவது, மறையாக்கம் செய்வது போன்ற பொது வேலைகளுக்கு வெளியில் இருக்கும், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகளை நம்பியிருக்கும். எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அதன் இஎல்எஃப் கோப்புக்குள் (லினக்ஸில் ஓடும் நிரல்களின் கோப்பு வடிவம்) எழுதப்பட்டிருக்கும். நீங்கள் என்டரை அழுத்தியதும் எல்டி டொட் எஸ்ஓ என்ற லோடர் முதலில் எழுந்து, அந்தப் பட்டியலை வாசித்து, ஒவ்வொன்றாகத் தேடி நினைவகத்தில் ஏற்றும். ஒன்று கிடைக்காவிட்டாலும் அங்கேயே நிறுத்திவிடும். உங்கள் நிரலின் முதல் வரிகூட அப்போது ஓடியிருக்காது. ஆகவே உங்கள் குறிநிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு நாள் படித்துக்கொண்டிருந்தபோது, ஜூனியர் தம்பி ஒருவன் லேப்டொப்பை என் பக்கம் திருப்பினான். "அக்கா, எல்லாம் சரியா இன்ஸ்டோல் ஆயிட்டு எண்டு சொல்லுது, ஆனா ஓடுதில்லை." ஹஸ்கலின் ஜிஎச்சி கம்பைலர், உபுண்டு 22.04. பிழை வரியில் காணாமல் போயிருந்தது லிப்டின்ஃபோ டொட் எஸ்ஓ டொட் 5. ஒரு நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையைக் கம்பைலரின் மீது ஓட்டிப் பார்த்திருந்தான். இது டைனமிக் கோப்பே அல்ல என்று பதில் வந்திருந்தது. அங்கேதான் அவனுக்குக் குழப்பம்.

அந்தப் பதில் சரியானதுதான். ஜிஎச்சி என்று தட்டினால் ஓடுவது ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகள் எழுதிய ஓர் உரைக் கோப்பு. உண்மையான கம்பைலர் வேறொரு கோப்புறையில், லிப் என்பதற்குள் உள்ளே தள்ளி இருக்கிறது. அதன் முழுப் பாதையும் பிழை வரியின் தொடக்கத்திலேயே, முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் அச்சாகியிருந்தது. அந்தப் பாதையை அப்படியே எடுத்து எல்டிடியிடம் கொடுத்ததும் பட்டியல் முழுதாக வந்தது. லிப்ஜிஎம்பி டொட் 10 இருக்கிறது, லிப்சி இருக்கிறது, லிப்டின்ஃபோ டொட் 5 என்பதற்கு எதிரே மட்டும் 'நொட் ஃபவுண்ட்'.

அடுத்து, லைப்ரரிப் பெயரின் முடிவில் உள்ள பதிப்பு எண்ணைப் பாருங்கள். லிப்டின்ஃபோ என்பது என்கர்சஸ் தொகுப்பின் ஒரு பகுதி. அவன் கணினியில் லிப்டின்ஃபோ இல்லாமல் இல்லை. 6 என்ற எண்ணோடு இருந்தது. எல்டிகொன்ஃபிக்கை மைனஸ் பி என்ற தெரிவோடு ஓட்டினால் லோடருக்குத் தெரிந்த லைப்ரரிகள் எல்லாம் வரும், அதில் டின்ஃபோ என்று தேடினால் இதைக் கண்ணால் காணலாம். அவன் இறக்கியது டெபியன் என்ற லினக்ஸின் 9-ஆம் பதிப்புக்காகக் கட்டப்பட்ட ஜிஎச்சி பொதி (பேக்கேஜ்). அந்தப் பொதி 5-ஐக் கேட்கும். டெபியன் 10-க்குக் கட்டப்பட்டது 6-ஐக் கேட்கும். உபுண்டு 22.04-இன் களஞ்சியத்தில் லிப்டின்ஃபோ5 என்ற பொதி இன்னும் இருப்பதால், உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்ட் வழியாக அதை நிறுவியதும் கம்பைலர் எழுந்துகொண்டது. 24.04-இல் அந்தப் பழைய பொதி இல்லை. அங்கே சரியான வழி, 6-ஐக் கேட்கும் ஜிஎச்சியை எடுப்பதுதான். ஜிஎச்சிஅப் என்ற நிறுவியைப் பயன்படுத்தினால் உங்கள் லினக்ஸைப் பார்த்து அதுவே பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும். ஹஸ்கல் படிப்பவர்கள் அதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

லைப்ரரியின் பெயர் தெரிகிறது, அது எந்தப் பொதியில் வருகிறது என்று தெரியவில்லையா? உபுண்டுவில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியை நிறுவி, அதன் பட்டியலை ஒருமுறை அப்டேட் செய்துவிட்டு, லைப்ரரியின் முழுப் பெயரைத் தேடச் சொல்லுங்கள். ஃபெடோரா லினக்ஸில் டிஎன்எஃப் கட்டளையின் 'ப்ரொவைட்ஸ்' இதே வேலையைச் செய்யும். ஊகித்து ஊகித்துப் பொதிகளைப் போடுவதைவிட இது எவ்வளவோ நல்லது.

இனி ஒரு எச்சரிக்கை. இந்தப் பிழைக்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் மருந்து, இருக்கும் 6-க்கு 5 என்று பெயர் வைத்து ஒரு சிம்பொலிக் லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் பெயர்) போடுவது. சில நேரம் அது ஓடவும் செய்யும், அதனால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் லைப்ரரியை எழுதுபவர்கள் அந்த எண்ணைக் காரணமில்லாமல் மாற்றுவதில்லை. பழைய பதிப்பை நம்பிக் கட்டிய நிரல் புதியதோடு ஒத்துப்போகாது என்னும்போதுதான் மாற்றுகிறார்கள். ஃபங்ஷன் ஒன்றின் வடிவமோ ஸ்ட்ரக்சர் ஒன்றின் அளவோ மாறியிருந்தால், லிங்க் போட்ட நிரல் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றி, நடுவில் செக்மென்டேஷன் ஃபோல்ட் (நினைவகத்தைத் தவறாகத் தொட்டதால் வரும் பிழை) என்று விழும். பரீட்சை மண்டபத்தில் அது நடந்தால் பிழை உங்கள் விடையிலா, அந்த லிங்கிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

மேலே சொன்னது லைப்ரரி உண்மையாகவே இல்லாத கதை. லைப்ரரி இருந்தும் லோடருக்குக் கண்ணில் படாத கதை வேறு. பைதனைச் சோர்ஸ் குறிநிரலிலிருந்து பகிர்வு லைப்ரரியோடு கட்டுபவர்களுக்கு இது பெரும்பாலும் வரும். உதாரணத்துக்கு 3.11-ஐக் கட்டி நிறுவினால், லிப்பைதன்3.11 டொட் எஸ்ஓ டொட் 1.0 இல்லை என்று நிற்கும். போய்ப் பார்த்தால் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் கோப்புறையில் அது பத்திரமாக இருக்கும். லோடர் வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. நிரலுக்குள் பாதை எழுதியிருக்கிறதா, எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறி (வேரியபிள்) அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். பிறகு ஈடிசி கோப்புறைக்குள் உள்ள கேஷ் கோப்பு (லைப்ரரிகள் இருக்கும் இடங்களைச் சேமித்த பட்டியல்), கடைசியாக வழக்கமான லிப் கோப்புறைகள். உபுண்டுவில் யூஎஸ்ஆர் லோக்கல் லிப் ஏற்கெனவே பட்டியலில் உண்டு, கேஷ்தான் பழையது. சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) எல்டிகொன்ஃபிக் என்று ஒருமுறை தட்டினால் போதும். ஒப்ட் போன்ற வேறிடத்தில் நிறுவியிருந்தால், எல்டி டொட் எஸ்ஓ டொட் கொன்ஃப் டொட் டி கோப்புறையில் கொன்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அந்தப் பாதையை ஒரு வரியாக எழுதிவிட்டு எல்டிகொன்ஃபிக்கை ஓட்டுங்கள். கட்டும்போதே ஆர்பாத் (நிரலுக்குள்ளேயே எழுதப்படும் லைப்ரரிப் பாதை) கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

எல்டி லைப்ரரி பாத் மாறியை பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது பாஷ் ஷெல் வாசிக்கும் அமைப்புக் கோப்பு) நிரந்தரமாக எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். ஆய்வுகூடக் கணினியில் உங்களுக்கு சூடோ அனுமதி இல்லை, ஒரு நிரலை மட்டும் ஓட்ட வேண்டும் என்றால், அந்த ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். நிரந்தரமாக வைத்தால் அது எல்லா நிரல்களையும் பிடிக்கும். அனகொண்டா என்ற பைதன் தொகுப்பின் லிப் கோப்புறையை அதில் சேர்த்தவர்களுக்கு, டெர்மினலைத் திறந்தாலே லிப்டின்ஃபோவில் பதிப்புத் தகவல் இல்லை என்று பாஷ் முறையிடுவது பழக்கமான காட்சி. அனுமதி இல்லாத கணினியில் வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு கொண்டா சூழல் உருவாக்கி வேலை செய்வது இதைவிட எத்தனையோ மடங்கு நிம்மதி. தனக்கு வேண்டிய லைப்ரரிகளை அது தானே கொண்டுவந்துவிடும்.

சரி, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று. நிறுவிய பைதன் ஓடுகிறது, ஆனால் சீடைப்ஸ் மொட்யூல் இல்லை, எஸ்எஸ்எல் இல்லை, பைதனின் பொதி நிறுவியான பிப் வேலை செய்யவில்லை. இது லோடரின் குற்றமல்ல. பைதனைக் கட்டிய நேரத்தில் லிப்எஃப்எஃப்ஐ, ஓபன்எஸ்எஸ்எல் ஆகிய லைப்ரரிகளின் ஹெடர் கோப்புகள் (கட்டும்போது மட்டும் தேவைப்படுபவை) இல்லாததால், அந்தப் பகுதிகளை விட்டுவிட்டுக் கட்டியிருக்கிறது. கட்டும் கட்டளையான மேக் முடியும்போது எவை விடுபட்டன என்று கடைசியில் அச்சிடும், அதைப் பார்க்காமல் திரையை மூடிவிடாதீர்கள். பெயர் 'டெவ்' என்று முடியும் பொதிகளை (லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்ரீட்லைன்-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ்) போட்டுவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பின்னர் போட்டுவிட்டு மட்டும் விட்டால் எதுவும் மாறாது. கட்டுவதற்கு டெவ் பொதி, ஓட்டுவதற்கு எண்ணோடு வரும் பொதி. இந்த வேறுபாடு மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பரீட்சை மாதத்தில் உபுண்டுவை அடுத்த பதிப்புக்கு உயர்த்தாதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். 20.04-இலிருந்து 22.04-க்குப் போனவர்களில், பைஎன்வ் என்ற கருவி வழியாகப் பைதன் கட்டி வைத்திருந்தவர்களுக்கு லிப்எஃப்எஃப்ஐ டொட் எஸ்ஓ டொட் 7 காணாமல் போனது. புதிய பதிப்பில் வருவது 8. ஓபன்எஸ்எஸ்எல்லும் 1.1-இலிருந்து 3-க்குப் போனதால், 1.1-ஐ நம்பிக் கட்டிய பழைய ரூபி மொழிப் பதிப்புகளும் நின்றன. உயர்த்தியே ஆக வேண்டுமென்றால், அதன் பிறகு நீங்கள் கட்டிய மொழிகளை எல்லாம் திரும்பக் கட்ட நேரம் ஒதுக்குங்கள்.

ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34 கிடைக்கவில்லை என்ற வகைச் செய்தி வந்தால் அது தலைகீழான சிக்கல். உங்கள் லினக்ஸ் பழையது, நீங்கள் இறக்கிய பொதி புதியது. உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35. ஜிலிப்சியைக் கையால் மாற்றப் போகாதீர்கள். கணினியில் உள்ள கிட்டத்தட்ட எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன, எல்எஸ் கட்டளைகூட ஓடாத நிலைக்குப் போய்விடலாம். அந்த மொழியின் சற்றுப் பழைய பதிப்பை எடுங்கள், அவ்வளவுதான்.

டேட்டா விஷயத்தில் ஒரு வார்த்தை. பலருக்கும் இரவு நேரத்துக்கென்று தனி டேட்டா இருக்கும். ஆப்ட்-கெட்டில் 'டவுன்லோட் ஒன்லி' தெரிவைக் கொடுத்தால் நிறுவாமல் இறக்கி மட்டும் வைக்கும், கோப்புகள் வார் கேஷ் ஆப்ட் ஆர்கைவ்ஸ் கோப்புறையில் சேரும். ஒரே உபுண்டு பதிப்பு வைத்திருக்கும் பட்ச் நண்பர்கள் அதை ஒரு பென் டிரைவில் பகிர்ந்துகொள்ளலாம். பதிப்பு ஒன்றாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் இதே பிழையைத்தான் பகிர்ந்துகொள்வீர்கள்.

இந்த அலைச்சல் எழுத்துப் பரீட்சைக்கும் உதவும். இயங்குதளப் பாடத்தில் ஸ்டாட்டிக் லிங்கிங் (லைப்ரரியை நிரலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டுவது), டைனமிக் லிங்கிங் (ஓடும்போது வெளியிலிருந்து ஏற்றுவது) வேறுபாட்டை விளக்கச் சொல்வார்கள். பலரும் நினைவகம் மிச்சம் என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அதற்கு மேலே போகலாம்: ஓபன்எஸ்எஸ்எல்லில் ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்தினால் அதை நம்பிய எல்லா நிரல்களும் மறுபடி கட்டாமலே பயன்பெறுவதையும், அதற்கு விலையாகப் பதிப்பு முரண் வருவதையும், எஸ்ஓ பெயரில் எண் இருப்பது அதற்காகத்தான் என்பதையும், உங்கள் கணினியில் கண்ட உதாரணத்தோடு எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சிக்கினால் தயங்காமல் ஒரு சீனியரிடம் கேளுங்கள். 'பைதன் ஓடவில்லை' என்று மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. பிழை வரியை முழுதாக, தொடக்கத்தில் உள்ள பாதையோடு அனுப்புங்கள். எல்டிடி தந்த பட்டியல், லினக்ஸின் பெயரும் பதிப்பும், மொழியை ஆப்டில் எடுத்தீர்களா, இறக்கினீர்களா, கட்டினீர்களா என்பதும் வேண்டும். ஆளறியாத இடத்திலிருந்து இறக்கிய கோப்பின் மீது எல்டிடி ஓட்ட வேண்டாம், சில வேளைகளில் அது அந்தக் கோப்பையே இயக்கிவிடக்கூடும். ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் டி தெரிவோடு ஓட்டினால் கோப்பை இயக்காமலே தேவைப்படும் லைப்ரரிகளைக் காட்டும், அதை அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷொட் வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள். பெயரையும் எண்ணையும் பிரதி எடுத்து நாங்களும் தேடிப் பார்க்க அதுதான் வசதி.