பக்கவாட்டு இடுப்பு வலி: பிசியோதெரபியில் தெரிந்துகொண்டது

இடுப்பு வலி என்று போனேன். பிசியோதெரபிஸ்ட், "எங்கேன்னு ஒரே விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். வலது பக்கம், பேன்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டேன். மூட்டுத் தேய்மானம் என்றால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்குமாம். எக்ஸ்ரேயிலும் தேய்மானம் இல்லை. குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசையின் நாண் அந்த எலும்பில் வந்து ஒட்டும் இடம்தான் கெட்டிருந்தது.

இடுப்பெலும்பின் வெளிப்புறத்தில் விசிறிபோல் விரிந்து கிளம்பும் தசை அது. காலைப் பக்கவாட்டில் தூக்குவது அதன் வேலை என்று படங்களில் போட்டிருக்கும். யார் நாள் முழுக்க அப்படித் தூக்குகிறார்கள்? அசல் வேலை நடையில் இருக்கிறது. ஒரு கால் தரையை விட்டு எழும்போது, ஊன்றிய கால் பக்கத்துத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் இடுப்பு மறுபக்கம் சரிந்துவிடும். கண்ணாடி முன் வலது காலில் மட்டும் நின்றேன். இடது பக்கம் இறங்கியது எனக்கே தெரிந்தது. ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த சோதனை. கருவியே வேண்டாம்.

பிசியோதெரபிஸ்ட் கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொன்னார். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. உடம்பின் பாரம் மூட்டிலிருந்து தள்ளி இறங்குகிறது. தசையோ மூட்டுக்கு அருகிலிருந்து இழுக்கிறது. அதனால் தசை உடல் எடையைவிட அதிகமாக இழுத்தாக வேண்டும். மூட்டில் விழுவது எடையைப்போல் சுமார் 2.5 முதல் 3 மடங்கு. எதிர்க்கையில் தடி ஊன்றினால் அந்தச் சரிவில் கொஞ்சத்தை அது தாங்கும், தசைக்கு வேலை குறையும். வலிக்கும் பக்கமே பிடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

அப்புறம் தடைகள். கால்மேல் கால் போடக்கூடாது, ஒரு காலில் சாய்ந்து நிற்கக்கூடாது, ஒருக்களித்தால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. முழங்காலை மார்புக்குக் குறுக்கே இழுக்கும் ஸ்ட்ரெச்சும் வேண்டாம் என்றார். அது நாணை எலும்போடு அழுத்துமாம். வீடியோக்கள் முதலில் காட்டுவதே அதைத்தான்!

பயிற்சி என்று பார்த்தால் சலிப்புதான். மல்லாந்து படுத்து, தொடைகளைச் சுற்றி பெல்ட் கட்டி, கால் அசையாமல் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுவது. பிறகு இடுப்பைத் தூக்குவது, அதற்கும் பிறகு படியேறுவது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை, ராத்திரி கூடினால் மறுநாள் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆனது. மாடிப்படி சரியாகிவிட்டது, வலது பக்கம் படுப்பது மட்டும் இன்னும் பாக்கி.