குழாயுடன் வர வேண்டிய செய்திகள்

திருகோணமலையில் ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகப் பணிபுரியும் எனக்கு, மூளைக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்படும் நோயாளியின் முகத்தைக் காணும் சந்தர்ப்பம் அநேகமாகக் கிடைப்பதில்லை. முதுகிலிருந்து எடுத்த சில மில்லிலீற்றர் மூளைய முண்ணாண் பாய்பொருளும் (மூளையையும் முள்ளந்தண்டுக்குள் இருக்கும் நரம்புத் தண்டான முண்ணாணையும் சூழ்ந்திருக்கும் திரவம்) ஒரு படிவமுமே என்னிடம் வருகின்றன. குழாயை அச்சிட்ட எழுத்துகளுக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பேன். எழுத்து மங்கித் தெரிந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுக் கலங்களை எண்ணத் தொடங்குவேன், ஏனெனில் பற்றீரியாத் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் நியூத்திரபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே சிதையத் தொடங்கிவிடுகின்றன. தெளிவாக இருந்தாலும் எண்ணித்தான் ஆக வேண்டும். கனமில்லிமீற்றருக்கு 200 கலங்களளவு சேரும்வரை கலங்கல் கண்ணுக்குத் தெரியாது.

படிவத்தில் எழுத அதிகம் மறக்கப்படுவது குருதிக் குளுக்கோசின் அளவு. நீரிழிவு உள்ள முதியவர் ஒருவரின் பாய்பொருளில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 45 மில்லிகிராம் இருந்தது. தனியே பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. வாட்டுக்குத் தொலைபேசியில் கேட்டபோது, எல்.பி. (முதுகில் ஊசி செலுத்திப் பாய்பொருளை எடுத்தல்) செய்வதற்குச் சற்று முன்னர் குருதியில் 180 இருந்ததாகச் சொன்னார்கள். குருதியில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டியது காற்பங்காகக் குறைந்திருந்தது. பற்றீரியாக்களை நிறத்தால் வேறுபடுத்தும் கிராம் சாயமூட்டிய வழுக்கியை எண்ணெய் வில்லையின் கீழ் வைத்தபோது, இளஞ்சிவப்பு நியூத்திரபில்களுக்கிடையே ஊதா நிறக் கோளங்கள் சோடி சோடியாகத் தெரிந்தன. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையின் முடிவு வருவதற்கு முன்பே நியூமோகொக்கசு என்ற பற்றீரியாவாக இருக்கலாம் என்ற ஐயத்தை வைத்தியருக்கு அறிவிக்க முடிந்தது.

வெளியிலிருந்து சில மாதிரிகள் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பப்படுகின்றன. நமது வெயிலுக்கு அது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் பற்றீரியாக்களான மெனிங்கோகொக்கசும் ஹீமோபிலசும் குளிரைத் தாங்காதவை; அவை இறந்துவிட்டால் வளர்ப்பில் வளரமாட்டா.

இன்னொரு தாமதம் வீட்டாரின் பயத்தால் வருகிறது. முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். வளர்ந்தவர்களில் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளந்தண்டென்புகளளவில் முடிந்துவிடுகிறது, ஊசி அதற்குக் கீழேதான் செலுத்தப்படுகிறது என்று வைத்தியர் பொறுமையாக விளக்கிச் சம்மதம் பெறுவதற்குள் பற்றீரியாவைக் கொல்லும் செப்ட்ரியக்சோன் மருந்து ஏற்றப்பட்டிருக்கும். அதில் பிழையில்லை, எல்.பி.க்காக மருந்தைத் தாமதிப்பதுதான் ஆபத்து. முதலில் குருதி வளர்ப்புக்கு இரத்தம் எடுத்திருந்தால் கிருமியைப் பிடிக்க இன்னொரு வழி மிஞ்சியிருக்கும். மருந்து ஏறிய சில மணித்தியாலங்களிலேயே பாய்பொருளில் கிருமி வளராமற்போகலாம், ஆனால் கலங்களும் புரதமும் அவ்வளவு விரைவில் வழமைக்குத் திரும்புவதில்லை. ஆகவே படிவத்தில் மருந்தின் பெயரும் கொடுத்த நேரமும் இல்லாவிட்டால் நானே வாட்டுக்கு அழைத்துக் கேட்டு, 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவுக்கு அருகிலேயே அதையும் எழுதி அனுப்புகிறேன்.