அடுத்த வருஷம் பார்க்கலாம்

"ஆதாரம் எடுத்துட்டு வந்தா போடலாமுங்களா மேடம்?" என்று கேட்டாள் என் மாணவி.

"அடுத்த வருஷம் பார்க்கலாம் சாமி" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எம்.எஸ்ஸி. உணவூட்டவியல், இரண்டாம் வருடம். இன்னும் மூன்று மாதத்தில் படிப்பை முடிக்கப் போகிறவளுக்கு எங்கே இருக்கிறது அடுத்த வருஷம்? அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான்கு வருடமாகிவிட்டது. சாமி என்று வேறு சொன்னேன்.

திருப்பூரில் அந்த பனியன் கம்பெனியில் ரத்தசோகை முகாம் நாங்கள் வருடா வருடம் போடுவதுதான். லேப் டெக்னீஷியன் பக்கத்தில் நிற்க, மாணவிகள் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். செக்கிங்கில் பிசிர் வெட்டுகிற ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். புருவமெல்லாம் பஞ்சுத்தூசி. விரல் நுனி காய்த்துப்போயிருந்ததால் முதல் குத்தில் ரத்தமே வரவில்லை. இவள் அந்தக் கையைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடேற்றி, மோதிர விரலின் பக்கவாட்டில் மறுபடி குத்தினாள். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 8-க்குக் கீழே போனாலே கடுமையான சோகை என்று கணக்கு.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, நெல்லிக்காய் என்று நான் அச்சடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். அக்கா அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கீரை ஆய நேரமிருந்தாத்தானுங் கண்ணு? ஒன்றரை ஷிப்டு முடிச்சு ஊடு போய்ச் சேரவே ஒம்பதரை ஆயிருது. ஆஸ்பத்திரி மாத்திரை தின்னுட்டுத்தான் இருக்கறேன்."

"எப்பங்க்கா சாப்பிடறீங்க?"

"பதினோரு மணி டீக்கு. சோத்துக்கு அப்புறம் தின்னா கொமட்டுது. டீயோட தின்னாத் தெரியறதில்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். டீயிலுள்ள டானின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது, மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று அவளுக்குப் பாடம் நடத்தியவளே நான்தான். அந்த அக்காவிடமும் அதையே சொன்னேன். தலையாட்டினார். பெல் அடித்ததும் எழுந்து போனார்.

ரிப்போர்ட்டின் கடைசியில் அவள் எழுதியிருந்த வரி: "இவர்களுக்கு ரத்தம் குறையக் காரணம் கீரை சாப்பிடாதது அல்ல, ஒன்றரை ஷிப்ட்." சிவப்பு மையில் அடித்தேன். "ஆதாரம் இல்லாம எழுதக் கூடாதும்மா" என்றேன்.

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 7.4-க்குப் பின்னால் அதிக உதிரப்போக்கு இருக்கலாம், கொக்கிப்புழு இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அத்தனை பேருமா ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார்கள்? ஒரு விரலில் குத்திப் பார்த்துக் காரணம் எழுதிவிட முடியாது. வேறு யார் எழுதியிருந்தாலும் அடித்திருப்பேன்.

ஆனால் அவள் கேட்டது அந்த வரியைப் பற்றியல்ல, ஆதாரத்தைப் பற்றி. ஒரு ஷிப்ட் பார்க்கிறவர்களையும் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள். ஒரு மாணவியிடமிருந்து இதைவிட நல்ல கேள்வி எனக்கு வந்ததில்லை. அதற்குத்தான் அடுத்த வருஷம் என்றேன்.

ஹாலைத் திறந்துவிடும்போதே மேனேஜர் நல்லவிதமாகத்தான் சொல்லியிருந்தார்: "ஹெல்த் மட்டும் பாத்துக்குங்க மேடம், ஷிப்ட் சமாச்சாரமெல்லாம் வேண்டாமுங்க." இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து யோசித்திருப்பாள். நான் அடுத்த வருஷம் என்றதற்குக் காரணம் முகாம் நின்றுபோய்விடும் என்ற பயம். அதை ஆதாரம் என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். அதுவும் யாரிடம்? அவள் அம்மா காங்கயம் பக்கமிருந்து கம்பெனி வேனில் வந்துபோகிற ஓவர்லாக் டைலர். அது எனக்கு அப்போதே தெரியும்.

முகாம் நிற்கவில்லை. மறு வருடம் ஒரு சின்னப் பெண்ணுக்கு 6.1 வந்தது. கம்பெனி வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ரத்தம் ஏற்றிப் பிழைத்தாள். அந்த வரியை விட்டிருந்தால் நாங்கள் அங்கே இருந்திருக்க மாட்டோம். அந்தப் பெண்ணை நினைத்தால் நான் செய்தது சரி என்று தோன்றுகிறது. அப்புறம், அவளும் ஒன்றரை ஷிப்ட்தான் என்பதும் கூடவே ஞாபகம் வருகிறது.

செக்கிங் அக்காவை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை.

மாணவி இப்போது ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவாள். அவள் இதையெல்லாம் மறந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொண்டால் எனக்குச் சுலபமாக இருக்கிறது, அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

இந்த வருட முகாமுக்குப் படிவம் தயார் செய்திருக்கிறேன். மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வி புதிதாகச் சேர்த்தாகிவிட்டது. அதற்குக் கீழே, நேற்று வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்று இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை படிவத்தை மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இப்போதைக்கு அந்தக் கேள்வி படிவத்தில் இருக்கிறது.