நர்ஸம்மாவ வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி பாஸ்புக்க கேளுங்க

எங்க பக்கத்துல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ இந்த மாதிரி வீடியோ வந்துரும். யாராவது ஒரு தம்பி போன தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ள நுழைஞ்சு "டாக்டர் எங்க, மணி என்ன, எங்க வரிப்பணத்துல சம்பளம் வாங்குறீங்க"ன்னு சத்தம் போடுவாரு, அங்க நைட் டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகாத ஒரு ஸ்டாஃப் நர்ஸ் என்ன சொல்றதுன்னு தெரியாம நிப்பாங்க. ஊர் வாட்ஸ்அப் குரூப்பு பூரா சபாஷ். கடைசில மெமோ வாங்குறது அந்த நர்ஸம்மா, டாக்டர் போஸ்ட்டு காலியா இருந்தா அது காலியாவேதான் கெடக்கும்.

கேக்கவே கூடாதுன்னு நான் சொல்ல வரல. கேக்கணும், அதுவும் நாலு பேரோட போயி கேக்கணும். ஆனா எதிர்ல கெடைக்கிற ஆளப் புடிச்சு உலுக்குனா மருந்து வந்துருமா என்ன?

எங்க சித்தப்பாவ தெருநாய் கடிச்சுருச்சு, கெண்டைக்கால்ல. கொத்தனாரு வேலைக்குப் போறவரு. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனா, "ஊசி தீந்துருச்சு, ஜிஎச்சுக்குப் போயிருங்க"ன்னுட்டாங்க. நாய்க்கடி ஊசி ஒரு தடவயோட முடியுற விஷயம் இல்ல, முத ஊசி அன்னிக்கே, அப்புறம் 3வது நாள், 7வது நாள்னு 28வது நாள் வரைக்கும் இழுக்கும், ஒவ்வொரு தடவயும் ஜிஎச்சுக்கு பஸ் ஏறுனா அன்னிக்குக் கூலி போச்சு. பாதிப் பேரு ரெண்டு ஊசியோட நிறுத்திக்கிறாங்கன்னா அலட்சியம் மட்டும் காரணம் இல்ல.

ஊசி ஏன் இல்லன்னு அங்கயே பொறுமையா கேட்டப்பதான் ஃபார்மசிஸ்ட் ஒரு விஷயம் சொன்னாரு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல வந்தது எல்லாருக்கும் தெரியும், மருந்த மொத்தமா டெண்டர் போட்டு வாங்கி மாவட்ட குடோன்ல வச்சிருப்பாங்க. தெரியாதது என்னன்னா ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக்கு உண்டு. வருசத்துக்கு இத்தன ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு அதுல இருக்கும், எடுக்க எடுக்க கழிச்சுக்கிட்டே வருவாங்க. அப்ப "மருந்து இல்ல"ங்கறதுக்குப் பின்னாடி பல கத இருக்கலாம்: இவங்க நேரத்துக்கு இண்டெண்ட், அதாவது மருந்து கேட்டு எழுதுற சீட்டு, போடல, இல்ல போட்டும் குடோன்லயே சரக்கு இல்ல, இல்ல நாய்க்கடி கேஸு கூடிப்போயி பாஸ்புக்குல பணம் சீக்கிரமே தீந்துருச்சு. முதலாவதுக்கு அந்த ஆஸ்பத்திரில இருக்குறவங்கதான் பதில் சொல்லணும், மத்ததுக்கெல்லாம் அவங்கள திட்டி பிரயோஜனமே இல்ல, மாவட்ட ஆபீஸுக்குத்தான் மனு போகணும். பாஸ்புக்கயும் இண்டெண்ட் தேதியயும் பாக்காம இது எதுவும் வெளங்காது. வாயால கேட்டுத் தரலன்னா ஆர்டிஐ, அதான் தகவல் உரிமைச் சட்டம், இருக்கு, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதிப் போட்டா 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனோம், நானும் மகளிர் குழு அக்காங்க சில பேரும். பள்ளிக்கூட வராண்டாவுல ஷாமியானா, ஊராட்சிச் செயலர் மூச்சு விடாம தீர்மானத்த வாசிச்சுக்கிட்டே போறாரு, ஒரு பக்கம் நோட்டு சுத்தி கையெழுத்து ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு அக்கா எந்திரிச்சு "நம்ம ஊர்ல கிராம சுகாதாரக் குழுன்னு ஒண்ணு இருக்கா, அதுல யார் யாரு இருக்காங்க"ன்னு கேட்டாங்க. கொஞ்ச நேரம் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, அப்புறம் ஒரு ஃபைல் வந்துச்சு, பேரு வாசிச்சாங்க. வாசிச்ச பேருல ஒருத்தங்க அங்கயே முன்னாடி பாய்ல ஒக்காந்திருந்தாங்க. "எம்பேரா? எந்தக் குழுவுல?"ன்னு அவங்க கேக்க கூட்டமே சிரிச்சுருச்சு. தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரல.

இந்தக் குழு 2005ல வந்த தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்தோட வந்தது. ஒரு கிராமத்துக்கு வருசம் 10,000 ரூபா வரைக்கும் நிதி உண்டு, எதுக்குச் செலவு பண்றதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணணும்ங்கறதுதான் அதோட நோக்கம். எங்க ஊர் கணக்க வாங்கிப் பாத்தோம்: பிளீச்சிங் பவுடர், பிளீச்சிங் பவுடர், வண்டி வாடகை, மறுபடியும் பிளீச்சிங் பவுடர். திருட்டுன்னு சொல்ல மாட்டேன், பிளீச்சிங் பவுடரும் வேணும்தான். ஆனா துணை சுகாதார நிலையத்துல கர்ப்பிணிங்க செக்கப்புக்குப் படுக்குற எடத்துல ஒரு ஸ்கிரீன் துணி கெடையாது, ஜன்னல் வழியா ரோட்டுல போறவன் பாக்கலாம், அதச் சொல்ல அந்தக் குழு ஒண்ணா கூடுனதே இல்ல. கிராம சபைல இது பேச்சான பெறகு ஸ்கிரீன் வந்துருச்சு. சின்ன விஷயம்தான். கிராம சுகாதார செவிலியரா இருக்குற விஎச்என் அம்மாவே சந்தோசப்பட்டாங்க, அவங்களும் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாங்களாம்.

ஊரே ஆஸ்பத்திரியக் கேள்வி கேக்குற இந்த வேலய மகாராஷ்டிராவுல 2007 வாக்குலயே பெருசா செஞ்சாங்க, புனே, தானே, நந்தூர்பார், அமராவதி, உஸ்மானாபாத்னு அஞ்சு மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க. ஊர்க்காரங்களே ஆஸ்பத்திரிக்குப் போயி பாத்து பச்ச, மஞ்ச, செவப்புன்னு ரிப்போர்ட் கார்டு போடுவாங்க, அப்புறம் 'ஜன் சுன்வாய்'னு பொது விசாரண, அதுல அதிகாரிங்கள மேடைல ஒக்கார வச்சு சனங்க எதிர்லயே பதில் சொல்ல வைப்பாங்க. எனக்குப் புடிச்சது அந்த மேடதான். சீட்டு எழுதுறவங்க மட்டும் இல்லாம அதுக்கு மேல கையெழுத்துப் போடுறவங்களும் வந்து ஒக்காரணும்ல. தமிழ்நாடும் அப்ப இதுக்குச் சோதனைத் திட்டம் நடந்த 9 மாநிலத்துல ஒண்ணுதான், ஆனா இன்னிக்கு எங்க பக்கத்துல யார்கிட்டயாவது கேட்டா அப்படியான்னு நம்மளயே திருப்பிக் கேக்குறாங்க.

ரிப்போர்ட் கார்டு போட்டா எல்லாம் சரியாயிரும்னு நெனைக்கிறவங்களுக்கு உகாண்டா கதயச் சொல்லணும். அங்க 9 மாவட்டத்துல 50 சுகாதார நிலையத்துல ஊர்க்காரங்களயும் ஊழியர்களயும் ஒண்ணா ஒக்கார வச்சுப் பேச வச்சதுல அஞ்சு வயசுக்கு உள்பட்ட குழந்தைங்க சாவு மூணுல ஒரு பங்கு கொறஞ்சுதுன்னு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, உலகம் பூரா கொண்டாடுனாங்க. அப்புறம் வேற ஆய்வாளருங்க 376 நிலையத்துல அதே மாதிரி செஞ்சு பாத்தாங்க. கவனிப்பு கொஞ்சம் நல்லாயிருச்சு, வந்துட்டுப் போறவங்களுக்கும் திருப்திதான், ஆனா குழந்த சாவுல ஒரு வித்தியாசமும் தெரியல. எனக்குத் தோணுறது, நர்ஸு மொகம் குடுத்துப் பேசுறத ஊர்க்கூட்டம் மாத்திரும், குடோன்ல இல்லாத மருந்த அது கொண்டு வராது. அதுக்கு மேல எடத்துல கேக்கணும்.

இன்னொண்ணு, யாரும் பேச விரும்பாதது. சுகாதாரக் குழுவுல பேரு இருக்குறது பெரும்பாலும் ஊர்த்தெரு ஆளுங்க. அரசு ஆஸ்பத்திரிய விட்டா வேற கதியில்லாதவங்க காலனில இருக்காங்க, அவங்கதான் வாயத் தொறக்க பயப்படுறாங்க, நாளைக்கு அதே நர்ஸுகிட்டதான பிரசவத்துக்குப் போகணும். தனியா ஒருத்தர எழுந்து பேசச் சொன்னா யார் பேசுவாங்க? அதான் நாங்க இப்ப கேள்விய எழுதி மகளிர் குழு பேர்ல குடுக்குறோம், தனி ஆளு பேரு கெடையாது.

வர்ற அக்டோபர் 2 கிராம சபைக்கு எழுதி வச்சிருக்கோம்: டாக்டர் போஸ்ட்டு என்னிக்குல இருந்து காலி, நாய்க்கடி ஊசிக்குக் கடைசியா இண்டெண்ட் போட்ட தேதி என்ன, பாஸ்புக்குல மிச்சம் எவ்வளவு, சுகாதாரக் குழுவுல காலனிக்கு எத்தன எடம். வட்டார மருத்துவ அலுவலரும் வரணும்னு ஊராட்சி மூலமாவே கடுதாசி போகுது. தலைவரு கையெழுத்து போட்டுட்டாரு, மொகத்தத் திருப்பிக்கிட்டுதான் போட்டாரு, பரவால்ல.