ஹெட்டுக்குள் முறிந்த எக்ஸாஸ்ட் ஸ்டட்களை வெளியே எடுத்த அனுபவம்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வரும். இன்ஜின் சூடேறச் சூடேற அது அடங்கிவிடும். பலரும் இதை டாப்பெட் சத்தம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடுகிறது, சூடானால் குறைகிறது என்றால் புகை கசிகிறதா என்று முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத்தான் (இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்த் தொகுதி) பார்க்க வேண்டும். என் காரில் ஹீட் ஷீல்டைக் கழற்றியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மேனிஃபோல்டின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு நட்டைக் காணோம். அங்கே கேஸ்கெட் ஓரமெல்லாம் கரி அப்பியிருந்தது. வெறும் நட் கழன்று விழுந்த கதையல்ல அது. மேனிஃபோல்டை இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு பிடிக்கும் மரைக்கம்பி, அதாவது ஸ்டட்டே முறிந்து, மிச்சம் ஹெட்டுக்குள் நின்றுவிட்டது.

பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்தான் முறியும். அதற்குக் காரணம் உண்டு. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆனால் ஹெட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. மேனிஃபோல்டோ அதைவிடப் பல மடங்கு சூடாகிறது. ஆக இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. அந்த வித்தியாசம் நடுவில் குறைவு, கோடிக்குப் போகப்போக அதிகம். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஓரத்து ஸ்டட் கொஞ்சம் இப்படியும் அப்படியும் வளைகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால், துருவும் சேர்ந்துகொண்டு, ஒரு நாள் முறிகிறது.

வேலையைத் தொடங்கும் முன் நல்ல ஸ்டட்களைக் காப்பாற்ற வேண்டும். பெனட்ரேட்டிங் ஆயிலை ஒரு தடவை அடித்துவிட்டு உடனே ஸ்பேனரைப் போடுவதில் பயனில்லை. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, மறுபடி அடித்தேன். நட்டைக் கழற்றும்போது முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, அப்புறம்தான் கழற்றும் பக்கம் திருப்பினேன். கடினமானால் நிறுத்தி, திரும்பவும் இறுக்கும் பக்கம் கொஞ்சம். சில நட்கள் ஸ்டட்டோடு சேர்ந்தே வந்தன, அது நல்லதுதான். புதிதாக எதுவும் முறியாமல் மேனிஃபோல்டு கையில் வந்தது.

இனி அந்த இரண்டு மிச்சங்கள். ஒன்று ஹெட்டுக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது மட்டத்துக்கும் கீழே முறிந்திருந்தது.

நீட்டிக்கொண்டிருந்ததை வைஸ் கிரிப்பில் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. அங்கேயே பலத்தைக் காட்டினால் நீட்டியிருக்கும் துண்டும் முறிந்துவிடும். இதற்கு என் கணக்கில் முதல் வழி நட்டை வெல்டு செய்வதுதான். எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டில் ஓட்டை போட்டு, உள்ளே திருகி வெளியே எடுக்கும் கருவி) அல்ல. எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான இரும்பு. அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. சின்னப் பிரச்சினை ஹெட்டைக் கழற்றும் பிரச்சினையாகிவிடும். அதோடு, ஓட்டைக்குள் எக்ஸ்ட்ராக்டர் இறங்க இறங்க ஸ்டட் வெளிப்பக்கம் விரிந்து மரையில் இன்னும் இறுகுகிறது.

வெல்டிங்கில் இரண்டு வேலை ஒன்றாக நடக்கிறது. பிடிக்க ஒரு நட் கிடைக்கிறது. ஸ்டட்டின் நடுவிலேயே சூடும் இறங்குகிறது. சுற்றியுள்ள அலுமினியத்தில் அந்தச் சூட்டுக்குத் துருப்பிடிப்பு விட்டுப்போகிறது. இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் ஹெட்டோடு பற்றிக்கொள்ளும் பயமும் குறைவு. முதலில் ஒரு வாஷரை வெல்டு செய்து, அதன் மேல் ஸ்டட்டைவிடச் சற்றுப் பெரிய நட்டை வைத்து, நட்டின் உள்பக்கத்தை நிரப்பினோம். வெல்டிங் தெரிந்த நண்பர் பிடித்தார். நான் ஈரத்துணியும் தீயணைப்பானுமாகப் பக்கத்தில் நின்றேன்.

பாதுகாப்பு விஷயத்தில் எதையும் விடாதீர்கள். பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கனெக்டரையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்பை ஹெட்டிலேயே, ஸ்டட்டுக்கு அருகில் போடுங்கள். துத்தநாகம் பூசிய நட் வேண்டாம், அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல். முக்கியமாக, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு செய்யவே கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். கொஞ்சம் போதும், உயிருக்கே ஆபத்து.

வெல்டு செய்த நட்டைச் சிவப்பு தணியும்வரை விட்டு, சூடு இருக்கும்போதே மெழுகுவர்த்தியை ஸ்டட்டின் அடியில் தொட்டேன். மெழுகு உருகி மரைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தேன். முதலில் முடி அளவு, பிறகு கால் சுற்று. முழுசாக வெளியே வந்த அந்தத் துண்டைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

இரண்டாவது அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. பள்ளத்துக்குள் வெல்டை அடுக்கிக் கொண்டுவந்து நட் பிடித்தோம், அது கழன்றது. மறுபடி பிடித்தோம், மறுபடியும் நட் மட்டும் கையோடு வந்தது. ஆகவே துளையிடுவது என்று முடிவு.

துளையிடுவதில் எல்லாமே நடுமையத்தைப் பொறுத்தது. ஸ்டட் இரும்பு, சுற்றிலும் அலுமினியம். பிட் கொஞ்சம் விலகினாலும் மென்மையான பக்கம் ஓடிவிடும். கையை நம்பாமல் மேனிஃபோல்டையே வழிகாட்டியாக்கினேன். அதன் ஓட்டைக்குள் சரியாக உட்காரும்படி, நடுவில் 4 மி.மீ. துளையோடு லேத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்கினேன். மேனிஃபோல்டை நல்ல ஸ்டட்களில் மாட்டி, புஷ்ஷைச் செருகி, அதன் வழியே துளைத்தேன். பாக்ஸ் ஸ்பேனர் நேராகப் போகிற இடத்தில் நீளமான பிட்டும் நேராகப் போகும். அதற்கு முன் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றி இடம் பண்ணிக்கொண்டேன். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்தேன், ஏனென்றால் சில இன்ஜின்களில் ஸ்டட் ஓட்டைக்குப் பின்னால் தண்ணீர்ப் பாதை இருக்கும். ஹெட்டில் புகை வெளிவரும் ஓட்டைகளான போர்ட்டுகளைத் துணியால் அடைத்தேன். ஒரு சிம்பு உள்ளே போனாலும் வால்வுக்கு ஆபத்து.

பிறகு மேனிஃபோல்டை எடுத்துவிட்டு 5 மி.மீ., 6 மி.மீ. என்று பெரிதாக்கினேன். இடது கைப் பிட்டைப் போட்டு டிரில்லை ரிவர்ஸில் ஓட்டினால் சில சமயம் துண்டே சுழன்று வெளியே வந்துவிடும், இதில் வரவில்லை. 6.5 மி.மீ. வந்ததும் மெல்லிய ஓடு மட்டும் மிச்சம். அதைச் சின்ன பஞ்ச் உளியால் உள்பக்கம் மடக்கி, கூர்முனையால் கிளப்பியதும் மரையின் கம்பிச் சுருள் போல உரிந்து வந்தது. எம்8 ஸ்டட்டுக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ. அந்த அளவில் மரை வெட்டும் டேப் கருவியில் கிரீஸ் தடவி அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டி மரையைச் சுத்தம் செய்தேன். மரை பிழைத்துவிட்டது. பிழைக்காவிட்டால் ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே திருகும் கம்பிச்சுருள்) போட்டிருப்பேன். அலுமினியத்தில் அது அசல் மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும் முன் ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வைத்து முகத்தைப் பார்த்தேன். கோடிகள் வளைந்திருந்தன. அப்படியே மாட்டியிருந்தால் புது ஸ்டட்டும் அதே இடத்தில் முறியும், எனவே சர்ஃபேஸ் கிரைண்டிங்குக்குக் கொடுத்துச் சமன் செய்து வாங்கினேன். முறியாத பழைய ஸ்டட்களும் அதே சூட்டில் அதே காலம் கிடந்தவைதான், எல்லாவற்றையும் மாற்றினேன். நட் செம்பு பூசியது, கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீல்.

ஸ்டட்டின் ஹெட் பக்கத்து மரையில் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) மெலிதாகத் தடவி, கையால் திருகி, அடி தட்டியதும் நிறுத்தினேன். நட்களை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, சில கட்டங்களாக, சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்கும் முறுக்கு அளவு) இறுக்கினேன். ஆன்ட்டி-சீஸ் பட்ட மரை எளிதில் சுற்றுவதால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகம் இழுபடும். அதனால் நட் பக்கத்து மரையில் அதைத் தடவவில்லை. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டு மறுபடி டார்க் ரெஞ்சை வைத்ததில் நடுவிலிருந்த இரண்டு நட்கள் மட்டும் துளி நகர்ந்தன.