தபாலில் வந்த செடிகளும் தலைகுந்தா பனியும்

'குளிர் தாங்கும்' என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்தச் செடிகளை வாங்கினேன். அது பொய்யில்லை, நன்றாகவே தாங்குகிறது. ஈரமும் தாங்கும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை, நானாகத்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். போன வருடம் ஜூன் கடைசியில் பன்னிரண்டு சக்குலன்ட் (சதைப்பற்றான இலை உள்ள செடிகள்) வரவழைத்து ஆகஸ்ட் முடிவதற்குள் ஏழைப் பறிகொடுத்தேன். மலையில் இருந்துகொண்டு தபாலில் செடி வாங்க நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்கியது மேற்கு வங்காளத்தில், காலிம்போங் பக்கத்து நர்சரி ஒன்றில். ஆறு எச்சிவேரியா, ஐந்து செம்பர்விவம், ஒரு சீடம். பணம் கட்டியது, அவர்கள் அனுப்பியது எல்லாம் ஒரு பிரச்சினையும் இல்லை. நாலே நாளில் பெட்டி கூரியரில் கோயம்புத்தூர் வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் 'வீடு பூட்டியிருந்தது' என்று மெசேஜ். அன்று முழுக்க நான் வாசலில்தான் இருந்தேன், மழைக்கு வெளியே எங்கேயும் போகவே இல்லை. ஆறாம் நாளும் அதே மெசேஜ். ஊட்டி பக்கத்தில் நான் இருக்கிற தலைகுந்தா வரைக்கும் வண்டி ஏறுவதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு கூரியர்காரர்கள் கீழேயே உட்கார்ந்து மெசேஜ் தட்டிவிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஏழாம் நாள் ஊட்டி கூரியர் ஆபீசுக்குப் போனேன், "இங்க வரலக்கா, குன்னூர்லயே நிக்குது" என்றார்கள். மறுநாள் இரண்டு பஸ் மாறி குன்னூர் போனேன். கவுன்டரில் நின்று பார்த்தால் என் பெட்டி கண்ணெதிரே தெரிகிறது, மிக்ஸி பெட்டி ஒன்றுக்கு அடியில், அம்புக்குறி தரையைப் பார்த்தபடி. ஆர்டரை வீட்டுக்காரர் போனிலிருந்து போட்டதால் மேலே அவர் பெயர். "பேரு ஆம்பள பேரா இருக்கே, அவரையே வரச் சொல்லுங்க" என்றார் அங்கிருந்தவர். உள்ளே இருப்பது உயிருள்ள செடி, எட்டு நாளாக இருட்டில் கிடக்கிறது, பெட்டியை நிமிர்த்தியாவது வையுங்கள் என்று கேட்டேன். சரி சரி என்றார், வைக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு. பத்தாம் நாள் வீட்டுக்காரருடைய ஆதார் ஜெராக்ஸோடு நானே போய், ஓடிபி அவர் போனுக்கு வந்து, அவர் எனக்குச் சொல்லி, பெட்டி கைக்கு வரும்போது மணி மூன்று.

இதில் நான் கற்றுக்கொண்டது: யார் போய் வாங்கப் போகிறோமோ அவர் பெயரில், ஆதாரில் இருக்கிற மாதிரியே பெயர் போட்டு ஆர்டர் செய்யுங்கள். மலை ஊராக இருந்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். போஸ்ட்மேனுக்கு நம் வீடு தெரியும், வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். அப்புறம் வியாழன், வெள்ளியில் அனுப்பாதீர்கள், திங்கள்கிழமை அனுப்புங்கள் என்றும் கேட்கலாம், ஒரு ஞாயிறு மிச்சமாகும். எல்லாவற்றுக்கும் மேலே, ஜூன் ஜூலையில் வாங்கவே வாங்காதீர்கள்.

பெட்டியைத் திறந்தபோது புளித்த மோர் மாதிரி ஒரு வாடை. இரண்டு எச்சிவேரியாவின் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டால் நுங்காகக் கழன்று வந்தன. கோபத்தில் உடனே போட்டோ எடுத்து நர்சரிக்கு அனுப்பினேன். போட்டோ போதாது, பெட்டியைப் பிரிக்கும் முன்னாலிருந்து, மேலே ஒட்டிய முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி, நிறுத்தாமல் எடுத்த வீடியோ வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு நிபந்தனை ஆர்டர் பக்கத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வீடியோவை ஓட விடுங்கள், தயவு செய்து.

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. வேர்கள் நூல் மாதிரி காய்ந்து கிடந்தன, பாவம் தாகமாக இருக்கும் என்று மிச்சம் பத்தையும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் வைத்துவிட்டேன். இந்தச் செடிகள் தண்ணீரை இலைக்குள்ளேயே சேர்த்து வைத்திருப்பவை, பத்து நாள் பட்டினி அவற்றுக்குப் பெரிய விஷயமே இல்லை. வழியில் அடிபட்ட வேர் ஆறுவதற்குள் நனைத்ததுதான் வினை. மூன்றாம் நாள் சீடம் தண்டோடு கறுத்தது, கூடவே இன்னொரு எச்சிவேரியா.

எதிர் வீட்டு அம்மா உருளை, கேரட் போடுகிறவர், எழுபது வயதுக்கு மேல். எட்டிப் பார்த்துவிட்டு, "உருளை விதையை வெட்டினா காயம் காய விட்டுத்தானே கண்ணு நடுறோம், இதுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எத்தனையோ வீடியோ பார்த்திருந்தேன், இது மனதில் ஏறவில்லை. இப்போது எந்தச் செடி வந்தாலும் பேப்பரைப் பிரித்து, காய்ந்த இலையை உருவி எறிந்துவிட்டு, நிழலில் நாலைந்து நாள் அப்படியே வெறும் தட்டில் வைக்கிறேன். பிறகு காய்ந்த மண்ணில் நடுகிறேன். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

மண் விஷயத்திலும் அடி வாங்கினேன். நம் ஊர் செம்மண் கேரட்டுக்கும் கிழங்குக்கும் நல்லது, ஆனால் களிப்புத்தன்மை உள்ளது, தொட்டியில் போட்டு நனைத்தால் ஒரு வாரம் ஆனாலும் உள்ளே ஈரம் போகாது. நான் ஜெரேனியத்துக்குப் போடுகிற மாதிரியே மண்ணும் எருவும் சரிக்குச் சரி கலந்து நட்டேன். இப்போது போடுவது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு எம்-சாண்ட், ஒரு பங்கு செங்கல் துண்டும் பொடி ஜல்லியும், கொஞ்சம் அடுப்புக்கரி. எரு ஒரு கைப்பிடி போதும். எம்-சாண்டை அப்படியே போட்டால் அதிலிருக்கும் மாவு கீழே இறங்கி அடியில் இறுகிப்போகும், பக்கெட்டில் போட்டு நாலைந்து தடவை, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுங்கள். நர்சரிக்காரர்கள் வேரில் தென்னை நார்த்தூள் உருண்டையோடு அனுப்பினால் அதை முழுக்க உதிர்த்துவிடுங்கள். வெளி மண் காய்ந்தாலும் அந்த உருண்டை மட்டும் நடுவில் ஈரமாகவே இருக்கும்.

ஜூலை மழைக்குப் பயந்து பாலிதீன் ஷீட்டால் நாலு பக்கமும் மூடிக் கட்டினேன். பத்து நாள் கழித்து அவிழ்த்தால் உள்பக்கம் முழுக்க நீர்முத்து, இலை இடுக்கில் சாம்பல் நிறப் பூஞ்சணம். இரண்டு செம்பர்விவம், ஒரு எச்சிவேரியா போயின. ஆல்ப்ஸ் மாதிரி உயர்ந்த மலைகளில் பாறை இடுக்கில் வளர்கிற செடி செம்பர்விவம். பேருக்கே 'எப்போதும் உயிரோடிருப்பது' என்று அர்த்தம். அதை நான் காற்றில்லாமல் மூடிக் கொன்றேன், அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

இந்தச் செடியை எப்படி வைத்தால் பிழைக்கும் என்று தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. சுமார் 1200 வருடத்துக்கு முன்னால், ஐரோப்பாவில் சார்லமேன் என்ற பேரரசர் அரசாண்ட காலத்தில் அரண்மனைத் தோட்டங்களுக்குப் போட்ட உத்தரவு ஒன்றில், தோட்டக்காரர் தன் வீட்டுக் கூரைமேல் இந்தச் செடியை வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறதாம். இது இருந்தால் வீட்டில் இடி விழாது என்று அங்கே நம்பியிருக்கிறார்கள். எனக்கு உறைத்தது கூரை என்கிற வார்த்தைதான். கூரை என்றால் சரிவு, தண்ணீர் நிற்காது, காற்று உண்டு, மண்ணும் கொஞ்சம்தான் இருக்கும். பழைய மங்களூர் ஓடு நாலை எடுத்துச் சாய்த்து வைத்து, இரண்டு ஓரத்திலும் கல் கொடுத்து, மூன்று விரல் உயரத்துக்கு அந்தக் கலவையைப் போட்டு மிச்சமிருந்த மூன்று செம்பர்விவத்தையும் நட்டேன். மேலே மட்டும் கண்ணாடி மாதிரி ஷீட், பக்கங்கள் திறந்தே இருக்கும். அதற்குப் பிறகு அழுகல் ஒன்றுகூட இல்லை.

மிச்சமிருந்த இரண்டு எச்சிவேரியாவில் ஒன்றின் இலைக்கணுவில் பஞ்சு மாதிரி வெள்ளை. மாவுப்பூச்சி, பார்சலோடு வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன், மூன்று வாரம் வாராவாரம். வேப்பெண்ணெய் அடித்த ஒரு பக்கம் மட்டும் இலை பளபளவென்று பச்சையாகிவிட்டது. எச்சிவேரியா இலைமேல் இருக்கும் அந்த வெண்மை நிற மெழுகு திராட்சைப் பழத்தில் இருக்குமே அந்த மாதிரி, எண்ணெய் பட்டாலும் போகும், விரல் பட்டாலும் போகும். அந்த இலை இருக்கிற வரைக்கும் திரும்ப வராது. என் கட்டைவிரல் தடம் ஒன்று இன்னும் ஒரு இலையில் இருக்கிறது. புதுச் செடி எது வந்தாலும் பழையதோடு சேர்க்காமல் ஒரு மாதம் தனியாக வையுங்கள்.

அப்புறம் ஜனவரி. தலைகுந்தா பனியை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி மேகமே இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் விடிகாலை புல்வெளி வெளுத்திருக்கும். நான் ஒரு எச்சிவேரியாவைத் தாழ்வாரத்துக்குள் வைத்துவிட்டு இன்னொன்றைப் படியில் மறந்துவிட்டேன். காலையில் அது கல் மாதிரி விறைத்திருந்தது, வெயில் ஏறினதும் வேகவைத்த கீரையாகத் துவண்டது. அதன் சொந்த ஊர் மெக்சிகோ, லேசான குளிர் வரைக்கும் சரி, உறைபனி ஆகாது. கூரை நிழலுக்குள் இரண்டடி தள்ளி வைத்திருந்தால் போதும், தப்பித்திருக்கும்.

ஓட்டில் இருந்த செம்பர்விவத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒவ்வொரு இலை விளிம்பிலும் சர்க்கரை தடவின மாதிரி பனி. வெந்நீர் ஊற்றலாமா என்றுகூட நினைத்தேன், நல்ல வேளை செய்யவில்லை. பத்து மணிக்கு உருகி வழிந்தது, இலை அப்படியே கெட்டியாக இருந்தது. அந்த மாதம் முழுக்கப் பனி விழ விழ நுனியெல்லாம் சிவந்து, பிப்ரவரியில் மாதுளை நிறத்துக்கு வந்துவிட்டது. சமவெளியில் இருக்கிற என் அக்கா இதை வாங்கிப் பார்த்து வெயிலில் வதங்கவிட்டார், நமக்கு மலை கொடுக்கிறது.

தண்ணீர் எப்போது என்று கேட்பவர்களுக்கு ஒன்று: நாள் கணக்கு வைக்காதீர்கள். ஊதுபத்திக் குச்சியை அடிவரை குத்தி எடுங்கள், மண் ஒட்டினால் வேண்டாம். எனக்கு மார்ச்சில் வாரம் ஒரு முறை, ஜூலை முழுக்க ஒரு சொட்டும் இல்லை.

இந்த மே மாதம் மூன்றில் பெரியது நடுவிலிருந்து தண்டு விட்டு உயர்ந்து இளஞ்சிவப்பாகப் பூத்தது. பூத்த தலை செத்துவிடும் என்று படித்திருந்தேன், தெரிந்தும் வருத்தமாகத்தான் இருந்தது. வெட்டிப் பார்த்தாலும் பிழைக்காது, பூக்க விட்டுவிட்டேன். ஆனால் அதற்குள் அது சுற்றிலும் கொடி விட்டுப் பதினொரு குட்டி போட்டிருந்தது, கோழியும் குஞ்சுமாக. நாலைப் பிரித்து எதிர் வீட்டு அம்மாவுக்குப் பழைய பெயின்ட் டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டுக் கொடுத்தேன். கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் வெயில் படுகிற திண்ணையில் வைத்திருக்கிறார்.

திருப்பூரில் இருக்கும் ஒரு தோழி, கொடைக்கானலில் தன் அம்மா வீட்டில் வைக்க இரண்டு குட்டி கேட்டிருக்கிறாள். பிப்ரவரியில், ஒரு திங்கள்கிழமை, வேரைக் காயவிட்டு, காய்ந்த பேப்பரில் சுற்றி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.